இருபத்திமூன்று துண்டுகள்

“ஒரு ஜாடியையே பிடிக்கத் தெரியாத கையில எப்படி பிள்ளையைக் குடுக்கிறது?” என்று நாத்தனார் அவளைக் கேட்டு மூன்று வாரமாகிறது. அன்றிலிருந்து தன் எட்டு மாதக் குழந்தையை அவள் தூக்கும்போதெல்லாம், விழுந்தால் பிடிக்க யாராவது ஒருவர் பக்கத்தில் கையை நீட்டியபடி நின்றார்.

இன்று அவள் நின்றுகொண்டிருந்தது ஒட்டுக்காரம்மாவின் கடையில். உடைந்த பீங்கானை ஒட்டிக் கொடுப்பதுதான் அந்த அம்மாளின் பிழைப்பு. பசை காய்வதற்காக மணல் தட்டில் பாதி புதைத்து வைத்திருந்த ஜாடியை உருவி, துடைத்து, மேசைமேல் நிறுத்தினாள்.

கணவனின் தாத்தா காலத்து ஜாடி. வெள்ளை உடம்பில் நீலக் கொடி சுற்றிச் சுற்றி ஏறும். இருபத்திமூன்று துண்டுகளாகக் குப்பைக் கூடையில் கிடந்ததை, இவள்தான் யாருக்கும் தெரியாமல் பொறுக்கித் தலையணை உறையில் போட்டுக் கொண்டுவந்து கொடுத்திருந்தாள்.

“விரிசல் எங்கன்னு கண்டுபிடி பார்ப்போம்” என்றாள் ஒட்டுக்காரம்மா. “என் மாமியாராலேயே முடியல. நான் பெருக்காம விட்ட மூலை அடுத்த தெருவுல இருந்தே தெரியும் அவங்களுக்கு.”

அவள் விரலால் தடவிப் பார்த்தாள். எங்கேயும் எதுவும் தட்டுப்படவில்லை. கண் நிறைந்துவிட்டது.

“எல்லாம் இந்தக் கையாலதான்மா. பிரசவத்துக்கு அப்புறம் பிடிமானமே இல்ல.”

“யாரு சொன்னது, டாக்டரா?”

“வீட்டுல எல்லாரும் சொல்றாங்க.”

“வீட்டுல எல்லாரும் டாக்டருங்களா? சரி, ஜாடியை எப்படி எடுத்த, அதைச் சொல்லு.”

சொன்னாள். அன்று காலை கணவன், விரல் நுனியில் உரிந்துகொண்டிருந்த தோலைப் பிய்த்தபடி, கதவு இடிக்குது, ஜாடியைக் கொஞ்சம் நகர்த்தி வை என்றான். அவள் ஜாடியின் கழுத்தைப் பிடித்துத் தூக்கினாள். கழுத்து மட்டும் கையோடு வந்தது. மீதி தரையில் சிதறியது. முதல் நாள்தான் ஊரிலிருந்து வந்திருந்த நாத்தனார் அவளுக்குப் பின்னாலேயே நின்றிருந்தாள்.

ஒட்டுக்காரம்மா தலையை ஆட்டினாள். “எந்த ஜாடி வந்தாலும் முதல்ல துண்டுகளை வெந்நீர்ல போட்டுடுவேன். வேலை தெரிஞ்சவன் ஒட்டியிருந்தா அந்தப் பசை வெந்நீருக்கு அசையாது. உன் ஜாடியில கழுத்தைச் சுத்திப் பசை அப்படியே கரைஞ்சு வழிஞ்சுது. காகிதம் ஒட்டுற பசைம்மா அது.”

“அப்படின்னா?”

“அப்படின்னா உன் கையில உடையல. ஏற்கெனவே உடைஞ்ச கழுத்தை, சும்மா நிக்கிற அளவுக்கு யாரோ ஒட்டி வச்சிருக்காங்க. யாரு தூக்கியிருந்தாலும் விழுந்திருக்கும்.”

அவள் தன் இரண்டு உள்ளங்கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள்.

நாத்தனாருக்குக் கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷம், குழந்தை இல்லை. இவளுக்குப் பிள்ளை பிறந்ததும் எனக்கே குடுத்துடு என்று கேட்டவள்தான். இவள் முடியவே முடியாது என்றாள். அக்காவை நினைத்துக் கணவன் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. ஆனால் இவளை ஒரு வார்த்தை வற்புறுத்தவில்லை. ஜாடி உடைந்தபோதும் கடிந்து பேசாதவன் அவன் ஒருவன்தான்.

கை சரியாகும்வரை குழந்தை அக்காவிடம் இருக்கட்டும் என்று இப்போது முடிவாகியிருந்தது. இன்று சாயங்கால ரயில். இவளும் அழுதுகொண்டே சம்மதித்திருந்தாள்.

நிற்க இடமில்லாத பஸ்ஸில் ஒரு கையால் கம்பியையும் மறு கையால் ஜாடியையும் பிடித்துக்கொண்டு வீடு வந்து சேர்ந்தாள். கை நடுங்கவே இல்லை.

முன்னறையில் கணவன் மட்டும் இருந்தான். உள்ளறையில் நாத்தனார் குழந்தையின் துணிகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது. ஜாடியைச் சுற்றியிருந்த தலையணை உறையைப் பிரித்தபடியே, தாழ்ந்த குரலில், மூச்சு விடாமல் எல்லாவற்றையும் அவனிடம் சொல்லி முடித்தாள்.

“உங்க அக்காதாங்க பண்ணியிருக்காங்க. பிள்ளைக்காக.”

அவன் உள்ளறைப் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு கேட்டான். “இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?”

“இல்லங்க. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்.”

“நல்லதாப் போச்சு. நீ பேசினா சண்டையில முடியும், நான் பேசிக்கிறேன். குடு இப்படி.”

இரண்டு கைகளையும் நீட்டினான். தூங்குகிற பிள்ளையை மாற்றிக் கொடுப்பதுபோல அவள் ஜாடியை அவன் கைகளில் வைத்தாள். கழுத்தைச் சுற்றி விரலை ஓட்டிப் பார்த்தான்.

“நல்லா ஒட்டியிருக்காங்க” என்றான்.

பிறகு, அவள் கண்ணைப் பார்த்தபடியே, இரண்டு கைகளையும் விரித்தான்.

சத்தத்தில் உள்ளே குழந்தை வீறிட்டது.

“அக்கா” என்று கூப்பிட்டான். குரல் தழுதழுத்தது. “இங்க வந்து பாரு. திரும்பவும் போட்டுட்டா.”

நாத்தனார் ஒரு தோளில் பையும் மறு தோளில் குழந்தையுமாக வந்தாள். தரையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். துண்டுகளை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி நடந்து, வாசலைத் தாண்டிப் போனாள்.