விளிம்பு வரை

ஹோசியத் டீக் கிண்ணத்தை விளிம்பு வரை நிரப்பி எர்காஷின் முன்னால் வைத்தாள். ஒரு சொட்டு தளும்பி விரிப்பில் விழுந்தது.

எர்காஷுக்கு முகம் செத்துவிட்டது.

உஸ்பெகிஸ்தானின் கோகந்தில் பச்சைக் குழந்தைக்கும் தெரிந்த விஷயம் இது. விருந்தாளிக்குக் கால் கிண்ணம் ஊற்றினால், இரு, பேசு, மறுபடி ஊற்றித் தருகிறேன் என்று அர்த்தம். எவ்வளவு குறைவோ அவ்வளவு மரியாதை. விளிம்பு வரை ஊற்றினால், நடையைக் கட்டு என்று அர்த்தம்.

அதுவும் எப்போது? "என்னைக் கட்டிக்கிறீங்களா?" என்று அவர் கேட்டு முடித்த மறு நிமிஷம்.

கிண்ணத்தைத் தொடாமல் எழுந்தார். வாங்கி வந்த முலாம்பழத்தை எடுத்துக்கொண்டு போவதா, விட்டுவிட்டுப் போவதா என்று ஒரு கணம் தடுமாறினார். விட்டுவிட்டே வந்தார்.

எர்காஷுக்குத் தையல் மெஷின் ரிப்பேர் செய்யும் தொழில். ஐம்பத்திரண்டு வயது, மனைவி இறந்து ஆறு வருஷம். நோன்பு மாதத்தில் ஹோசியத்தின் மெஷின் மூன்று தடவை கெட்டுப்போனது. நோன்பு என்பதால் டீ என்ற பேச்சே இல்லை. மெஷினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு இரண்டு பேரும் பேசியதுதான். அந்தப் பேச்சில்தான் மனிதர் விழுந்தார். பெருநாள் முடிந்த வாரமே புதுத் தொப்பி வாங்கிவிட்டார்.

தூண்டிவிட்டது அவருடைய அக்கா சபோஹத்.

"அவளை மாதிரி ஒருத்தி கிடைக்கமாட்டாடா. கட்டின ரெண்டு பேரையும் படுக்கையில வெச்சுக் கடைசி வரைக்கும் பாத்தா. மாமியாருக்குத் தன் கையாலதான் டீ குடுத்தா. அதுவும் எப்படி, அடி நனையிற அளவுக்குத்தான் ஊத்துவா. அத்தனை மரியாதை."

இரண்டு கணவர்கள், ஒரு மாமியார், ஒரு கொழுந்தன். எட்டு வருஷத்தில் நான்கு சாவு. ஒவ்வொரு சாவுக்கும் தெருவே திரண்டு வந்து புலாவ் சாப்பிட்டுவிட்டு, பாவம், இவளுக்கு என்ன விதியோ என்று உச்சுக்கொட்டியது.

இப்போது அதே சபோஹத், என் தம்பிக்கு நிரப்பி ஊற்றினாள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாள். கேட்டவர்கள் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார்கள். இனிமேல் ஹோசியத்துக்கு யாரும் சலாம் சொல்வதில்லை என்று சாயங்காலத்துக்குள் முடிவாகிவிட்டது.

எர்காஷ் கடையைத் திறக்கவில்லை. அவமானம் ஒரு பக்கம் இருக்கட்டும், அவள் முகத்தில் கோபமே இல்லாததுதான் அவரைக் குடைந்தது.

அடுத்த வாரம் தெருவில் போலீஸ் வண்டி வந்து நின்றது. இறந்துபோன கொழுந்தனின் மகள் தாஷ்கண்ட்டிலிருந்து புகார் கொடுத்திருந்தாள். ஹோசியத் வீட்டு அரிசி ஜாடிக்குள் ஒரு துணிமுடிச்சு கிடைத்தது. உள்ளே மலையில் விளையும் விஷவேர். அவள் எதையும் மறுக்கவில்லை. நான்கு பேருக்கும் டீயில் கலந்து கொடுத்தேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

தெரு அசரவில்லை.

"நிரப்பி ஊத்தினப்பவே நினைச்சேன்," என்றாள் எதிர்வீட்டுக்காரி. "விருந்தாளிக்கு அப்படி ஊத்தறவ எதுக்கும் துணிஞ்சவதான்."

நான்கு சாவில் தெரியாதது அவர்களுக்கு ஒரு கிண்ணம் டீயில் தெரிந்துவிட்டது.

அவள் வீட்டுக்குக் கடைசியாகப் போன விருந்தாளி என்பதால் எர்காஷையும் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். தாழ்வார பெஞ்சில் ஹோசியத் உட்கார்ந்திருந்தாள், பக்கத்தில் ஒரு பெண் போலீஸ். கொலைகளைப் பற்றி எர்காஷ் ஒரு வார்த்தை கேட்கவில்லை. இத்தனை நாளாக மனசுக்குள் போட்டுப் புழுங்கியதைத்தான் கேட்டார்.

"எனக்கு ஏன் நிரப்பி ஊத்தினீங்க?"

அவள் அவருடைய புதுத் தொப்பியைப் பார்த்தாள்.

"முதல்ல கட்டினவன் தினமும் அடிச்சான். அவனுக்குக் குடுத்தேன். அப்புறம் கேள்வி கேட்டவங்களுக்குக் குடுத்தேன். அதுக்கப்புறம் காரணமே தேவைப்படல. கூட ஒருத்தர் இருந்தா, என்னைக்காவது ஒரு நாள் என் கை அந்த ஜாடிக்குப் போயிடும்."

"என் மேல உங்களுக்கு என்ன கோபம்?"

"கோபமா?" அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "அந்த மெஷின் ஒரு தடவைகூடத் தானா கெடல. நான்தான் ஸ்க்ரூவைக் கழட்டி வெச்சேன்."

எர்காஷ் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"நான் மரியாதையா ஊத்திக் குடுத்தவங்க யாரும் இப்ப இல்ல," என்றாள் ஹோசியத். "நீங்க இருக்கணும்னுதான் போகச் சொன்னேன். நல்லவேளை, ரோஷக்காரர். உடனே கிளம்பிட்டீங்க."

எர்காஷ் வீடு வந்து சேர்ந்தபோது சபோஹத் விரிப்புப் போட்டு ரொட்டியும் திராட்சையும் பரப்பி வைத்திருந்தாள். ஆண்டவன்தான் உன்னைக் காப்பாற்றினான் என்று மூன்று தடவை சொல்லி அழுதாள். யார் காப்பாற்றியது என்று அவர் சொல்லவில்லை. சொன்னால் அக்கா நாளைக்கு அதையும் தெருவுக்குக் கொண்டுபோவாள்.

அழுது முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் டீ ஊற்றினாள். சாவின் வாயிலிருந்து திரும்பி வந்த தம்பி அல்லவா. உலகத்து மரியாதையையெல்லாம் சேர்த்து, அடி மட்டும் நனையும்படி ஊற்றி, இரண்டு கையாலும் நீட்டினாள்.

எர்காஷ் கிண்ணத்தின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"விளிம்பு வரைக்கும் ஊத்துக்கா," என்றார்.