ஏழாவது கேள்வி

"சட்டையைக் கழட்டிட்டு அந்த அங்கியை மாட்டிக்கோ. லைட்டை அணைக்கணும்."

குரலைக் கேட்டதுமே தங்கைக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 'அவன் உனக்கு லாயக்கில்ல' என்று சொல்லி, அவள் கல்யாணத்துக்கே வராமல் போன அக்கா. ஆறு வருஷமாகப் பேச்சு வார்த்தை இல்லை. இன்றைக்கு வெள்ளைக் கோட்டோடு எதிரே நிற்கிறாள்.

"டெஸ்ட்டுக்கு வாங்கன்னு லெட்டர் வந்துச்சே, என் பேரைக் குடுத்தது நீதானா?"

"நான்தான்."

"உன் மெஷினுக்கு எலி கிடைக்கலையாக்கும்?"

அக்கா கருவியின் பொத்தானை அழுத்தினாள். மார்பில் சிவப்பு ஒளியைப் பாய்ச்சிப் படமெடுக்கும் கருவி அது. ஊசி இல்லை, வலி இல்லை. அந்தப் படத்தையும் குடும்ப விவரத்தையும் சேர்த்துப் பார்த்துத்தான், பின்னாளில் புற்றுநோய் வர வாய்ப்பு எவ்வளவு என்று டாக்டர் கணிப்பார்.

"மேல சுருட்டியிருக்கிற திரையை இழுத்து விடு."

"ஏன், உன் கை என்ன பூப்பறிக்குதா?"

அக்கா இடது கையைத் தொங்கவிட்டபடியே நின்றாள். திமிர் மட்டும் குறையவே இல்லை. வீட்டில் இருந்தபோதும் இப்படித்தான், தண்ணீர் டம்ளரைக்கூட இவள்தான் எடுத்து நீட்ட வேண்டும். தங்கை எம்பி, வெடுக்கென்று திரையை இழுத்தாள்.

இருட்டில் சிவப்பு வெளிச்சம் பத்து நிமிஷம் ஊர்ந்தது. லைட் எரிந்ததும் அக்கா படிவத்தை எடுத்தாள். வயது, எடை, குழந்தைகள் என்று ஆறு கேள்விகள். ஆறுக்கும் தங்கை முகத்தைத் திருப்பிக்கொண்டே பதில் சொன்னாள்.

"ஏழாவது. குடும்பத்துல யாருக்காவது மார்புப் புற்றுநோய் வந்திருக்கா? அம்மா?"

"அம்மா போனது மாரடைப்புல. உனக்குத் தெரியாதா?"

"கேட்டுத்தான் எழுதணும். பெரியம்மா, சித்தி?"

"இல்ல."

"அக்கா?"

தங்கைக்குச் சுருக்கென்றது. வேண்டுமென்றே சீண்டுகிறாள்!

"எனக்கு அக்காவே கிடையாது. செத்துட்டான்னு எழுதிக்கோ!"

பேனா ஒரு நொடி நின்றது. பிறகு நிதானமாக ஒரு வரி முழுக்க எழுதியது.

"இல்லன்னு எழுத இவ்வளவு நேரமா?" என்று எரிந்து விழுந்தாள் தங்கை.

அக்கா தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்:

"இன்னும் சாகலடி. இடது மார்பைத்தான் எடுத்திருக்காங்க."