சூடு ஆறாத கட்டில்

கட்டாரில் கிளெமென்ற் ஏழு வருடம் படுத்த கட்டிலுக்கு இரண்டு பேர். ஒருவன் வேலைக்குப் போக மற்றவன் வந்து படுப்பான். வருபவன் படுத்திருப்பவனின் கால் பெருவிரலை இரண்டு தரம் தட்டுவான். எழும்புபவன் தலையணையைத் திருப்பிப் போட்டுவிட்டுப் போவான். மற்றவனின் பெயர்கூட அவனுக்குத் தெரியாது. அவன் விட்டுப்போன சூடுதான் தெரியும்.

இப்போது ஒஸ்லோவில், ஹொல்ம்லியாவில் குடியிருப்பு. மனைவி புளோறன்ஸ் தமக்கையின் பிள்ளைப்பேற்றுக்கு ஸ்தவாங்கர் போய் ஒரு கிழமை. திங்கட்கிழமை பின்னேரம் மூன்று மணிக்கு அவன் துப்புரவு வேலை முடிந்து வந்து படுத்தபோது மெத்தை சூடாக இருந்தது. தலையணை திருப்பிக் கிடந்தது. திடுக்கிட்டுப் போய்ப் புளோறன்ஸுக்குப் போன் எடுத்தான்.

"நீ வீட்டை வந்திட்டுப் போனனியே?"

"என்ன விசர்க்கதை கதைக்கிறியள்? நாளைக்குப் பின்னேரம்தான் வாறன்."

மறுநாள் அவன் வேலைக்குப் போகவில்லை. கதவைப் பூட்டிவிட்டுக் கட்டிலிலேயே காவல் கிடந்தான். எப்படியோ கண் அயர்ந்துவிட்டது.

கால் பெருவிரலில் இரண்டு தட்டு விழுந்தது.

ஏழு வருடப் பழக்கம் அல்லவா! அரைத்தூக்கத்தில் எழும்பினான், தலையணையைத் திருப்பிப் போட்டான், ஜாக்கெற்றையும் சப்பாத்தையும் மாட்டிக்கொண்டு நடந்தான். ரயில் மேடையில் பனிக்காற்று முகத்தில் அறைந்தபோதுதான் விழிப்பு வந்தது. ஜாக்கெற்றுக்குக் கீழே சாரத்தோடு நின்றான்.

பொக்கற்றில் போன் அதிர்ந்தது. புளோறன்ஸின் செய்தி.

"வெள்ளனவே வந்திட்டன். முகத்தை மூடிக்கொண்டு நல்ல நித்திரையிலை கிடக்கிறியள், எழுப்பேல்லை. நானும் பக்கத்திலை கொஞ்சம் படுக்கப்போறன்."