மெட்டுக்குச் சொந்தக்காரர்கள்

மாரில் அடித்துக்கொண்டு செல்லாயி அக்கா ஒப்பாரியின் முதல் அடியை எடுத்ததுமே, எந்தப் பாட்டு யாருக்குச் சொந்தமென்று கண்காணிக்க அரசு தெருவிளக்குக் கம்பத்தில் மாட்டியிருந்த பண்பாட்டுக் காவல் பெட்டி கனைத்தது. "மன்னிக்கவும். இந்த மெட்டு வேறு சமூகத்தின் உரிமை என்று ஆய்வு கூறுகிறது. பாடுவதை நிறுத்தவும். தங்கள் இழப்புக்கு வருந்துகிறோம்."

கூட்டத்தில் நின்ற இசை ஆய்வாளர், முனைவர் பரிதிவாணனுக்கு வேர்த்துவிட்டது. அந்த மெட்டை அவன் பதிவு செய்ததே இந்த அக்காவிடம்தான். காப்பியும் மிக்சரும் கொடுத்துப் பாடிக் காட்டினாள். ஆனால் ஆய்வேட்டில் பன்முகத்தன்மைக்கு ஒரு சமூகம் குறைந்தது. "ஏதாவது ஒரு பாட்டை அவங்க பேர்ல மாத்திப் போடுப்பா, யாரு படிக்கப் போறா?" என்றார் நெறியாளர். போட்டான். மனிதர் யாரும் படிக்கவில்லைதான், பெட்டி படித்துவிட்டது.

பாடையில் கிடந்த கணவரை விட்டு எழுந்து அக்கா அவனிடம் வந்தாள். "தம்பி, நீ பாட்டுல டாக்டராச்சே. இது எங்க ஆத்தா பாட்டுன்னு அதுகிட்ட ஒரு வார்த்தை சொல்லேன்யா. இந்த மனுசன ஊமையாவா அனுப்புறது?"

சொன்னால் பட்டம் போய்விடும், கூடவே வேலையும்.

"பாட்டில்லாம அழுங்கக்கா," என்றான் அவள் முகத்தைப் பார்க்காமல். "அழுகைய இன்னும் யாரும் ஆராய்ச்சி பண்ணல."

அக்கா வாயைத் திறந்தாள். மெட்டில்லாமல் எப்படி அழுவதென்று தெரியாமல், திறந்த வாயோடு அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள்.