நூறு சதவீத வாசகி

“நூறு சதவீதம் சார். உங்க கண்ணாலயே பாருங்க,” என்று மாமா தன் போனைப் பதிப்பாளரின் மூக்குக்கு நேரே நீட்டினார். “பதினோரு வயசுப் பொண்ணு. என் தங்கச்சி மக. என் நாவலை ஒரு பக்கம் விடாம முடிச்சிருக்கா.”

தங்கை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்த பதிப்பாளர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. வராததற்குக் காரணம் உண்டு. அந்த நாவலின் முதல் பாகம் அவருடைய கிடங்கில் கட்டுப் பிரிக்காமல் கிடக்கிறது.

மாமா ஓய்வுபெற்ற தணிக்கை அதிகாரி. அவர் ஓய்வுபெற்றதில் அலுவலகம் தப்பித்தது, சொந்தக்காரர்கள் மாட்டிக்கொண்டார்கள். அறுநூறு பக்கத்தில் ஒரு நாவல் எழுதினார். அதை ஒரு நாயும் சீந்தாமல் போகவே, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வாசிப்புப் பழக்கமே இல்லை என்ற முடிவுக்கு வந்தார். எழுதியவரிடம் கோளாறு இருக்கலாம் என்ற சந்தேகம் அவருக்குக் கனவிலும் வராது.

வாசிப்பை வளர்த்தே தீருவது என்று கிளம்பினார். சொந்தத்தில் பத்துப் பன்னிரண்டு வயதில் இருந்த பிள்ளைகளுக்கெல்லாம் பிறந்தநாள் பரிசாக ஆளுக்கொரு இ-ரீடர் வாங்கிக் கொடுத்தார். ஆயிரம் புத்தகம் கொள்ளும் கருவியில் அவர் ஏற்றி வைத்தது ஒரே ஒரு புத்தகம். எது என்று சொல்ல வேண்டியதில்லை.

அதோடு விட்டாரா? எல்லாக் கருவியையும் தன் கணக்கிலேயே இணைத்துக்கொண்டார். எந்தப் பிள்ளை எத்தனை சதவீதம் தாண்டியிருக்கிறது என்று தினமும் போனில் தணிக்கை நடந்தது. ஒருத்தன் ஒரு சதவீதம், இன்னொருத்தி இரண்டு. ஒரு பையன் அட்டையையே தாண்டவில்லை என்று அவன் அப்பாவைக் கூப்பிட்டு அரை மணி நேரம் வறுத்தெடுத்தார். தங்கை மகள் மட்டும் விறுவிறுவென்று ஏறி நூறைத் தொட்டுவிட்டாள்.

பதிப்பாளர் முன்பொரு நாள், ஆளைக் கழற்றிவிட்டால் போதும் என்று ஒரு வார்த்தை விட்டிருந்தார். “முதல் பாகத்தைக் கடைசி வரைக்கும் படிச்ச ஒரே ஒருத்தரைக் காட்டுங்க சார். ரெண்டாம் பாகத்தை என் செலவுல நானே போடறேன்.” வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொண்டதுதான், இன்று இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறார்.

“எப்போ படிக்கிறா?” என்று கேட்டார்.

“அதைக் கேளுங்க. மூணு வேளையும் படிக்கிறா. காலையில கொஞ்சம், மத்தியானம் கொஞ்சம், ராத்திரி கொஞ்சம். ஒரு நாள் தப்பினது கிடையாது. கட்டுப்பாடு சார். எங்க வம்சமே அப்படித்தான்.”

வாழ்நாளெல்லாம் எண்களை மட்டும் பார்த்தவர். ஆளைப் பார்த்துப் பழக்கமில்லை.

சமையலறையிலிருந்து தங்கை எட்டிப்பார்த்தாள். “அண்ணா, போனை உள்ள வைங்க. சின்னவன் கண்ணுல பட்டா பிடுங்காம விடமாட்டான். போனே காட்டக் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார்.”

“சரி சரி. நீ பெரியவளை வரச் சொல்லு.”

பெரியவள் வந்தாள். கையில் நூலக முத்திரை குத்திய ஒரு தடிப் புத்தகம். விட்ட இடம் தவறாமலிருக்க நடுவில் விரலை வைத்திருந்தாள். மாமா அதை ஓரக்கண்ணால் பார்த்து முகத்தைச் சுளித்தார். பிறகு மேஜைமேல் கிடந்த இ-ரீடரை எடுத்தார். திரையின் ஓரத்தில் ஏதோ பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது.

“பாத்தீங்களா, சாப்பிடும்போதுகூட கீழ வைக்கிறதில்ல போல,” என்று பூரித்துப்போய்க் கைக்குட்டையால் துடைத்தார். “சொல்லு பாப்பா, மாமா எழுதினது எப்படி?”

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அது இல்லாட்டி எங்க வீட்டுல ஒரு வேளைகூட நகராது மாமா.”

மாமா பதிப்பாளர் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தினார். பதிப்பாளர் விடுவதாக இல்லை.

“ரெண்டாம் பாகம் வந்தா உனக்கு வேணுமாம்மா?”

“வேணும் அங்கிள். முதல் பாகம் தீந்துபோச்சு. மறுபடி மொதல்லேருந்துதான் ஓடிட்டு இருக்கு.”

“மறுபடியுமா? அவ்ளோ பெரிய புத்தகம், சலிக்கலையா?”

“இன்னும் பெருசா இருந்தா தேவலைன்னு அம்மா சொல்றாங்க.”

“கேட்டுக்குங்க,” என்றார் மாமா. “தாயும் மகளும்.”

பதிப்பாளர் ஒரு பெருமூச்சு விட்டார். சொன்ன சொல் சொன்னதுதான். குழந்தை பொய் சொல்வதாகவும் தெரியவில்லை. “சரி சார், ரெண்டாம் பாகத்தை அனுப்பி வைங்க, அச்சுக்குக் கொடுத்துடறேன்,” என்று எழுந்து கையை நீட்டினார்.

மாமா இ-ரீடரைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அந்தக் கையைப் பிடித்துக் குலுக்கு குலுக்கென்று குலுக்கினார். தன்னை ஒருத்தரும் மதிக்கவில்லை என்று இத்தனை வருஷம் மனசுக்குள் அரித்துக்கொண்டிருந்த குறை அந்த நிமிஷத்தில் தீர்ந்தது. முதல் பாகத்தைக் குறை சொன்னவர்கள் பெயரெல்லாம் வரிசையாக ஞாபகத்துக்கு வந்தது. ஒவ்வொருத்தனுக்கும் ஒரு பிரதி அனுப்ப வேண்டும்.

அப்போது உள்ளே வீலென்று ஓர் அழுகை கிளம்பியது. ஒன்றரை வயதுச் சின்னவனை இடுப்பிலும், குழைத்த சாப்பாட்டுக் கிண்ணத்தைக் கையிலுமாகத் தங்கை அவசரமாக வந்தாள். குழந்தை மாமாவின் கக்கத்தைப் பார்த்துக் கையை நீட்டித் துள்ளியது.

“அதை அவன்கிட்ட குடுங்கண்ணா, பக்கம் பக்கமா தட்டிவிட்டாத்தான் வாயைத் திறப்பான்.”