சாவியும் இன்ஜினும்

கார் ஓட்டக் கூடாது என்று கண் டாக்டர் சொல்லியும் மதலைமுத்து சாவியைத் தரவில்லை. போன வாரம் ஒரு ஸ்கூட்டர்காரர் மயிரிழையில் தப்பியிருந்தார். இன்று எப்படியாவது சாவியை வாங்கிவிடுவது என்ற முடிவோடுதான் மலைக்கிராமமான மார்டள்ளியில் நர்ஸாக இருக்கும் அவர் மகள் ஈவ்லின் மைசூருக்கு வந்தாள்.

அப்பா ஒர்க்‌ஷாப்பில் இருந்தார். மலைப்பாதையில் திணறி நிற்கிறது என்று ஈவ்லின் அங்கே ரிப்பேருக்கு விட்டிருந்த பழைய செடானுக்குள் பெரிய இன்ஜின் ஒன்றை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

"கண்ணே சரியா தெரியல, இதையும் நீங்க ஓட்டிப் பாக்கப்போறீங்களா டாடி? முதல்ல உங்க கார் சாவியக் குடுங்க!"

அவர் மறுபேச்சில்லாமல் நீட்டினார். "வெச்சுக்கோம்மா. அது இனிமே கிளம்பாது."

"ஏன், எங்கயாவது இடிச்சிட்டீங்களா?" அவள் பதறிப்போனாள்.

மெக்கானிக் வினய் சிரித்தபடி மூலையைக் காட்டினான். அங்கே அப்பாவின் கார் பானெட் திறந்து நின்றது. உள்ளே இன்ஜின் இல்லை.

"அதுலேர்ந்து எடுத்ததுதான் மேடம் இது."

அப்பாடா என்று ஈவ்லின் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள்.

"நீதான் தினம் மலை ஏறணும்," என்றார் மதலைமுத்து. "எனக்கு சர்ச்சுக்குப் போக ஆட்டோ போதும்மா."