கருணை அடிப்படையில்

துணை மேலாளர் ஹெல்மெட்டின் கண்ணாடி மூடியை இறக்கிவிட்டு, தெருவை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

எல்லோரும் வந்திருந்தார்கள். எதிர்வீட்டுப் பல் டாக்டர், மாடிவீட்டு டீச்சர் அம்மா, செல்போனை நீட்டிப் பிடித்தபடி மைத்துனன். பணி ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகியும், நாலு பேர் கூடாமல் அவருக்கு ஒரு காரியமும் ஓடாது.

வெட்டுப்படவேண்டியது வாசலில் நின்ற கொய்யா மரம்.

அது செய்த குற்றம், மதில்சுவரில் பதித்திருந்த கருங்கல் பெயர்ப்பலகையை மறைத்தது. பலகையில் பெயர், அதன்கீழ் இரண்டு பட்டங்கள், அதன்கீழ் 'துணை மேலாளர் (ஓய்வு)'. தெருவிலிருந்து பார்த்தால் 'ஓய்வு' மட்டும்தான் தெரிந்தது.

இருபத்தேழு வருடம் வாடகை வீடுகளில், ஓர் ஆணி அடிக்கக்கூட வீட்டுக்காரரிடம் கேட்டுக்கொண்டு நின்றவர். முதல் சொந்த வீட்டில் ஒரு மரம் அவரை மறைப்பதா?

இந்த வீட்டைப் பார்க்க வந்த அன்று அவர் மனைவி சமையலறையைப் பார்க்கவில்லை, மாடியைப் பார்க்கவில்லை. நேராக அந்த மரத்தடியில் போய் நின்று, இதையே வாங்கிவிடலாம் என்றாள். அன்றுமுதல் அவளுக்குக் காலைக் காப்பி அங்கேதான், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு.

"போர்டைக் கொஞ்சம் தள்ளி வெச்சுக்கலாமேங்க?" என்று ஒரே ஒரு தடவை கேட்டுப் பார்த்தாள்.

"போர்டு நகராது. மரம்தான் நகரணும்."

மறுநாளே கடைக்குப் போனார்.

"தோப்பு வெச்சிருக்கீங்களா சார்?" என்று கேட்டார் கடைக்காரர்.

"சொந்த வீடு," என்றார் துணை மேலாளர்.

மரத்தின் பருமனைக் காட்ட அவர் கைகளை விரித்தார். கடைக்காரர் அனுபவசாலி. மனதுக்குள் அதைப் பாதியாக்கி, அந்தப் பாதியையும் பாதியாக்கி, இதற்குக் கைரம்பமே போதும் என்றார். துணை மேலாளர் அதைத் தன் பதவிக்கு நேர்ந்த அவமதிப்பாக எடுத்துக்கொண்டார். கடையில் இருந்ததிலேயே நீளமான செயின்சா என்ற சங்கிலி ரம்பம், ஹெல்மெட், காதுமூடி, கையுறை, தொடைவரை ஏறும் ஒரு கவசம் என்று சகலமும் வாங்கி வந்தார்.

கொய்யா மரம் நிராயுதபாணியாக நின்றது.

அதன்பிறகு நான்கு நாள் மாலை, மெஷினோடு வந்த புத்தகத்தை மனைவிக்கு வாசித்துக் காட்டினார். அவள் வெங்காயம் உரித்தபடி கேட்டாள். நடுநடுவே கேள்வியும் கேட்டார். பதினாறாம் பக்கத்தை மட்டும் இரண்டு தடவை வாசித்தார்: மேல்பக்கச் சங்கிலியின் பற்கள் முன்னோக்கி இருக்கவேண்டும். திருப்பி மாட்டினால் புகைதான் வரும், மரம் அறுபடாது.

"புரிஞ்சுதா?"

"புரிஞ்சுது."

வெள்ளிக்கிழமை சங்கிலியை அவரே மாட்டினார். இன்று, ஞாயிற்றுக்கிழமை காலை, அந்தப் பதினாறாம் பக்கத்தைத் தெருவுக்கே பாடம் எடுத்தார். "சில பேரு இதுகூட தெரியாம திருப்பி மாட்டிட்டு, மெஷின் சரியில்லன்னு கடைக்காரன்கிட்ட சண்டைக்குப் போறான். படிச்சவன்தான்!" பல் டாக்டரிடம் பற்களைப் பற்றிக் கூடுதலாக ஐந்து நிமிடம் விளக்கினார்.

இப்போது மெஷினின் கயிற்றை இழுத்தார். ஒரு இருமலோடு அது அடங்கிப்போனது.

"அத்தான், அது வீட்டுக்குள்ள போயிட்டு இன்னொரு நாள் வரலாம்னு பாக்குது," என்றான் மைத்துனன்.

ஏழாவது இழுப்பில் மெஷின் உறுமியது. டீச்சர் அம்மா இரண்டடி பின்னால் போனார். மனைவி வாசற்படியில் நின்றாள், சமையலறைத் துண்டை இரண்டு கைகளிலும் சுற்றிக்கொண்டு.

துணை மேலாளர் சங்கிலியை அடிமரத்தில் வைத்து அழுத்தினார்.

புகை வந்தது.

இன்னும் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் புகை வந்தது. பட்டையில் ஓரிடம் பாலிஷ் போட்டதுபோல மினுங்கியது.

குனிந்து பார்த்தார். மேல்பக்கத்துப் பற்கள் அத்தனையும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன.

மெஷினை நிறுத்தினார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"ஆரம்பிச்ச பிறகுதான் தோணுச்சு. இதுவும் ஒரு உயிர். கருணை அடிப்படையில விட்டுரலாம்னு முடிவு பண்ணிட்டேன்."

டீச்சர் அம்மா கைதட்டினார்.

"கையில மெஷின் ஓடிட்டிருக்கும்போது மனசு மாறுறது லேசுப்பட்ட விஷயமா அத்தான்!" என்ற மைத்துனன், அதை இன்னொரு தடவை சொல்லச் சொல்லிப் படம் எடுத்தான். இரண்டாவது தடவை இன்னும் நன்றாகச் சொன்னார். உலக வெப்பமும் சேர்ந்துகொண்டது.

பல் டாக்டர் மட்டும் சங்கிலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை எந்த யோசனையில் மாட்டினோம் என்று புரியாமல், துணை மேலாளர் மெஷினை அதன் அட்டைப்பெட்டிக்குள் வைத்து டேப் ஒட்டினார்.

சமையலறையில் அவர் மனைவி துண்டை அவிழ்த்து வைத்துவிட்டு, பாத்திரம் தேய்க்கும் நாரால் நகங்களைத் தேய்த்தாள். நேற்று மதியம் அவர் குறட்டை விட்டுக்கொண்டிருந்த அரைமணி நேரத்துக்குப் பிறகு, இது நான்காவது தடவை.

நாற்பத்திரண்டு பக்கப் புத்தகம். சங்கிலி எண்ணெயின் கறுப்பு நகத்திலிருந்து எப்படிப் போகும் என்று மட்டும் அதில் எங்குமே போடவில்லை.